பார்ப்பவர் காப்பவர் ஆவாரா? திமிங்கிலப் படகுச் சுற்றுலாவும் சோழமண்டலக் கரையும்

மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி கடலுக்கு வருகிறார். ஊரோ கடலை விட்டு வெகு உள்ளே, விருத்தாசலத்தின் பக்கம் இருக்கிறது. வழியெல்லாம் ஊர் ஊராகத் தங்கிச் சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளைக்கு வந்து சேருகிறார். தைக்காலில் இஸ்லாமியர்கள் எதிர்கொண்டு மரியாதை செய்கிறார்கள். முழுக்குத்துறையில் தீர்த்தவாரி நடக்கிறது. கடலுக்குள்ளிருந்து பூமியை மூக்கின்மேல் ஏந்தி எடுத்ததாகச் சொல்லப்படும் சாமி, ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கடலில் நீராடுகிறார்.

அன்று அங்கே திரளும் கூட்டத்துக்குக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெரிவது அலையும் ஃபைபர் படகுகளும்தான். அதே வங்கக் கடலில், அங்கிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தெற்கே, திருகோணமலைக்கு வெளியே நீலத் திமிங்கிலங்கள் மூச்சு விட்டுச் செல்கின்றன. அவற்றைப் பார்க்கக் காசு கொடுத்துப் படகேறுகிறவர்கள் இருக்கிறார்கள். இலங்கையின் தென்கோடியில் மிரிசா என்ற மீன்பிடி ஊர் இந்தத் தொழிலால் உலகப் பெயர் பெற்றுவிட்டது. கடலூர், பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் பக்கம் அப்படி ஒரு தொழில் வேரூன்றவில்லை.

வரவேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால், உலகம் எழுபது ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று இருக்கிறது. படகில் போய்ப் பார்ப்பது திமிங்கிலத்தைக் காக்கிறதா, கெடுக்கிறதா? இதற்குச் சொல்லப்பட்ட விடைகள் பல. அவை எங்கிருந்து பிறந்தன, எங்கே இடறுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கரையொதுங்கியதைக் கண்ட கண்கள்

தமிழர் திமிங்கிலத்தை அறிந்தது பெரும்பாலும் இறந்த உடலாகத்தான். திமிங்கிலம் என்ற சொல்லே செவிவழிச் செய்தியில் பிறந்த சொல். 'திமி' என்னும் பெருமீனை விழுங்குவது திமிங்கிலம். அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று வடமொழிப் புராண வழக்கு அடுக்கிக்கொண்டே போகிறது. கண்டவர் வைத்த பெயராக இது தோன்றவில்லை. கடலோடிகளின் பெயர்கள் வேறு மாதிரி இருக்கின்றன. ஓங்கில் என்றும் கடற்பன்றி என்றும் டால்பினைச் சொல்வார்கள். கடற்பசுவுக்கு ஆவுளியா. திமிங்கிலச் சுறாவுக்கு அம்மணி உழுவை. இவை பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இட்ட பெயர்கள். 

மருந்துச் சரக்குப் பட்டியல்களில் மீனம்பர் உண்டு. எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் விளைந்து, கரையில் ஒதுங்கும் நறுமணப் பொருள் அது. இன்று 'திமிங்கில வாந்தி' என்ற பெயரில் அது கடத்தலில் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. 1973 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கரையில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே கரையில் மறுபடியும் 80க்கு மேல் ஒதுங்கின. மீனவர்கள் அவற்றைப் படகில் கட்டிக் கடலுக்குள் இழுத்துவிட்டார்கள். பல மீண்டும் கரைக்கே திரும்பின. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் திமிங்கில எலும்புக்கூட்டைச் சிறுவயதில் அண்ணாந்து பார்த்த தலைமுறைகள் உண்டு. இந்தியச் சட்டமும் இதே வழியில்தான் வளர்ந்திருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கிலம் இடம்பெற்று, கொல்வதும் அதன் பொருளை விற்பதும் குற்றமாயின. 2021இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டி, கரையொதுங்கும் பெரிய கடல்விலங்குகளை எப்படிக் கையாள்வது என்பதைப் பற்றியது.

உயிரோடு, நீந்திக்கொண்டிருக்கும் விலங்கின் பக்கத்தில் மனிதன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி நமக்குப் புதிது.

ஒரு டாலர் பயணம்

திமிங்கிலம் காட்டும் தொழில் தொடங்கிய இடம் கலிபோர்னியாவின் சான் டியாகோ. 1950இல் அங்கே கடலோர மேட்டில் இருந்த பழைய ராணுவக் கட்டடம் ஒன்றைச் சாம்பல் திமிங்கிலம் பார்க்கும் இடமாகத் திறந்தார்கள். முதல் பருவத்திலேயே சுமார் 10,000 பேர் வந்தார்கள். 1955இல் ஒரு மீனவர் ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு படகில் ஏற்றிப் போனார். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பார்த்தது முதலில் கரையிலிருந்து. படகு ஐந்து ஆண்டு கழித்து.

அப்போது திமிங்கில வேட்டை உலகெங்கும் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மனம் மாறியது காதின் வழியாக. 1970இல் உயிரியலாளர் ரோஜர் பெய்ன் வெளியிட்ட கூன்முதுகுத் திமிங்கிலப் பாட்டு இசைத்தட்டு லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போயிற்று. 1979இல் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. இந்தியா 1981இல் ஆணையத்தில் சேர்ந்தது. 1982இல் வணிக வேட்டைக்குத் தடை முடிவாகி 1986இல் நடைமுறைக்கு வந்தது. 1983இல் பாஸ்டனில் நடந்த மாநாடு, திமிங்கிலத்தைக் கொல்லாமலே பயன்படுத்துவது எப்படி என்று விவாதித்தது. படகுச் சுற்றுலாவுக்குக் கொள்கை வடிவம் கிடைத்தது அங்கேதான் என்று சொல்லலாம்.

உயிரோடிருந்தால் எவ்வளவு?

முதல் நிலைப்பாடு பொருளாதாரம் சார்ந்தது. செத்த திமிங்கிலத்தை ஒருமுறைதான் விற்கலாம்; உயிருள்ளதை நாள்தோறும் காட்டலாம். இந்த வாதத்துக்கு எண்கள் துணை நின்றன. 2008ஆம் ஆண்டைப் பற்றிய ஒரு பன்னாட்டுக் கணக்கெடுப்பு, 119 நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் 1.3 கோடிப் பேர் திமிங்கிலம் பார்க்கப் போனதாகவும், புழங்கிய பணம் 210 கோடி டாலர் என்றும் சொன்னது. 2019இல் பன்னாட்டு நாணய நிதியத்தின் இதழில் வந்த கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பெருந்திமிங்கிலம் ஒன்று தன் உடலில் சேர்த்துக் கடலடியில் புதைக்கும் கரிமத்தையும் சுற்றுலா வருவாயையும் கூட்டி, ஒன்றின் மதிப்பு 20 லட்சம் டாலருக்கு மேல் என்றது. அந்தக் கணக்கு மிகையானது என்று பின்னர் கடல் அறிவியலாளர் சிலர் மறுத்தார்கள்.

தென்பசிபிக் தீவு நாடான டோங்காவின் வரலாறு இந்த வாதத்துக்கு அணுக்கமானது. 1978இல் அந்நாட்டு மன்னர் வேட்டையைத் தடை செய்தார். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் மெல்லப் பெருகின. 1990களில் சுற்றுலா வளர்ந்தது. ஆனால் இங்கே தடை முன்னால் வந்தது, காசு பின்னால் வந்தது. காசு வரும் என்பதற்காகத் தடை போடவில்லை.

ஐஸ்லாந்து இந்த வாதத்தைத் திணறவைக்கிறது. வடக்கே ஹுசாவிக் ஊரில் 1995இலிருந்து திமிங்கிலப் படகுகள் ஓடுகின்றன. 2003இல் ஆராய்ச்சி என்ற பெயரிலும் 2006இல் வணிகமாகவும் வேட்டை திரும்பிவிட்டது. காலையில் படகில் போய்த் திமிங்கிலம் பார்த்த பயணி மாலையில் உணவகத்தில் அதன் இறைச்சியைத் தின்னக்கூடிய நிலை. ஜப்பானின் ஒகசவாரா தீவில் 1988 முதல் படகுச் சுற்றுலா உண்டு. அந்த நாடு 2019இல் ஆணையத்தை விட்டே விலகி வணிக வேட்டையை மறுபடி தொடங்கியது. பார்ப்பதும் கொல்வதும் ஒரே கடலில் பக்கம் பக்கமாக நடக்க முடியும் என்பது இதிலிருந்து தெரிகிறது. விலை பேசிக் காப்பதில் இன்னொரு இடர்ப்பாடும் உண்டு: பயணி வராத ஆண்டில் விலை விழுந்துவிடும். கொரோனாக் காலத்தில் உலகத் துறைமுகங்கள் பலவற்றில் அதுதான் நடந்தது.

நமக்கோ இந்த வாதம் பாதிக்குத்தான் பொருந்தும். தமிழகக் கரையில் திமிங்கில வேட்டை ஒரு தொழிலாக இருந்ததில்லை. வேட்டைக்குப் பதில் சுற்றுலா என்று சொல்ல இங்கே வேட்டையே இல்லை.

படகு நெருங்கும்போது

இரண்டாம் நிலைப்பாடு உயிரியலாளர்களிடமிருந்து வந்தது. அதைப் புரிந்துகொள்ள எண்ணெய்த் திமிங்கிலத்தை ஒருமுறை கிட்டத்தில் பார்க்கலாம். முக்கால் மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், இருட்டான ஆழத்தில் கணவாய் தேடிவிட்டு மேலே வருகிறது. மூக்குத்துளை தலையின் முன்னால் இடப்பக்கமாக ஒன்றே ஒன்று. அதனால் மூச்சு நேராக எழாமல் முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து பீய்ச்சும். கடலில் பழகிய கண் தொலைவிலிருந்தே அந்தச் சாய்வை வைத்து இனத்தைச் சொல்லிவிடும். பத்து நிமிடம்போல அசையாமல் கிடந்து, பன்னிரண்டு பதினைந்து விநாடிக்கு ஒரு மூச்சாக இழுத்துவிட்டு, முதுகை வளைத்து, வால் இதழ் இரண்டும் முழுசாக வானத்தைப் பார்க்க நிமிர்ந்து இறங்குகிறது. பயணி படமெடுக்கத் துடிப்பது அந்த வாலைத்தான். விலங்குக்கு அந்தப் பத்து நிமிடம், அடுத்த முக்கால் மணி நேரத்துக்கான சேமிப்பு. படகு வந்து நிற்பதும் சரியாக அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

நியூசிலாந்தின் கைக்கோராவில் இந்த இனத்தை நெடுநாள் கவனித்தவர்கள், படகு இருக்கும்போது மூச்சு இடைவெளியும் மேலே தங்கும் நேரமும் சற்று மாறுவதைக் கண்டார்கள். அங்கேயே தங்கியிருக்கும் திமிங்கிலங்கள் ஓரளவு பழகிப்போயின; வந்துபோகும் திமிங்கிலங்கள் கூடுதலாகக் கலங்கின. கலக்கம் என்பது கண்ணுக்குத் தெரிவது. அது இனத்தின் எண்ணிக்கையைக் குறைக்குமா என்பதே சிக்கலான கேள்வி.

இதற்கு இரண்டு எதிரெதிர் விடைகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் டால்பின் பார்க்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து இரண்டாகக் கூடியபோது, அப்பகுதி டால்பின்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்ததாக 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. அரசு ஒரு உரிமத்தை விலக்கிக்கொண்டது. ஐஸ்லாந்தின் பாக்சாஃப்லோய் விரிகுடாவில் மின்கே திமிங்கிலங்களை ஆராய்ந்தவர்களோ, படகு வந்தால் அவை இரை தேடுவது குறைகிறது, ஆனால் ஒவ்வொரு திமிங்கிலமும் படகைச் சந்திக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால் இனப்பெருக்கம் பாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்று 2015இல் எழுதினார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்றே தோன்றுகிறது. சிறு பரப்பில் நிலையாக வாழும் சிறு கூட்டத்துக்கு ஒரே ஒரு படகு கூடுவதே சுமை. பெருங்கடலில் அலைந்து திரியும் விலங்குக்கு அதே படகு ஒரு நாளின் தொந்தரவு.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், எழுபத்தைந்து அளவில் மட்டுமே மிஞ்சியிருக்கும் ஓர்க்கா கூட்டத்தின் கதை எச்சரிக்கையாக நிற்கிறது. வாஷிங்டன் மாநிலம் முதலில் 100 கெஜம் விலகி நிற்கச் சொன்னது. பிறகு 200, பிறகு 300. 2025 ஜனவரியிலிருந்து 1000 கெஜம். ஒவ்வொரு முறையும் முந்தைய விதி போதவில்லை. ஆனாலும் அவற்றின் முதன்மைக் குறை சின்னூக் சால்மன் மீன் கிடைக்காததுதான் என்பதில் பலரும் ஒத்துப்போகிறார்கள். படகின் இரைச்சல் பசித்த வயிற்றின்மேல் விழும் இன்னொரு அடி. எல்லாப் பழியையும் சுற்றுலாப் படகின் தலையில் கட்டுவது, சால்மன் ஏறும் ஆற்றை அணைகட்டி மறித்தவர்களைத் தப்பவிடுவதாகும்.

விதி வந்த நேரம்

மூன்றாம் நிலைப்பாடு நடுவழி: படகு போகட்டும், ஆனால் விதிப்படி. நியூசிலாந்தின் 1992ஆம் ஆண்டு விதிகள் இதற்கு முன்மாதிரி. 50 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. 300 மீட்டருக்குள் மூன்று படகுக்கு மேல் நிற்கக் கூடாது. குட்டியோடு இருந்தால் இன்னும் விலக வேண்டும். பன்னாட்டுத் திமிங்கில ஆணையமும் 1996இல் பொது நெறிகளை வகுத்தது.

தமிழ் வாசகருக்கு மிக அருகிலுள்ள சோதனைக்களம் இலங்கை. 1982 முதல் 1984 வரை 'டூலிப்' என்ற பாய்மரக் கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இலங்கையைச் சுற்றி எண்ணெய்த் திமிங்கிலங்களையும் திருகோணமலைக்கு வெளியே நீலத் திமிங்கிலங்களையும் பதிவுசெய்தார்கள். திருகோணமலையில் படகுச் சுற்றுலா துளிர்த்த வேளையில் போர் வந்து அதை நிறுத்திற்று. தொழில் முளைத்தது கால் நூற்றாண்டு கழித்துத் தெற்கே மிரிசாவில். 2000களின் பிற்பகுதியில் சில படகுகளோடு தொடங்கி விரைவில் பெருகியது. ஒரு படகு திமிங்கிலத்தைக் கண்டால் செய்தி பரவி, நாலாபுறமிருந்தும் மற்றவை விரைந்து வந்து சூழ்ந்துகொள்வதாகப் பயணிகளும் ஆய்வாளர்களும் மீண்டும் மீண்டும் எழுதியிருக்கிறார்கள். அரசின் கடல் பாலூட்டி விதிகள் 2012இல் வந்தன. அதற்குள் கடன் வாங்கிப் படகு கட்டியவர்களும், "கிட்டப் போனால்தான் காசுக்கு மதிப்பு" என்று பழகிவிட்ட பயணிகளும் இருந்தார்கள். விதி எழுதுவது சுலபம். பழகிவிட்ட கூட்டத்தைப் பின்வாங்கச் சொல்வது எளிதல்ல.

அங்கே இன்னொன்றும் வெளிப்பட்டது. ஆஷா டி வோஸ் என்னும் இலங்கைக் கடல் உயிரியலாளர் 2008இலிருந்து நடத்திவரும் ஆய்வு, இந்தக் கடலின் நீலத் திமிங்கிலங்கள் துருவத்துக்கு நெடும்பயணம் போகாமல் வெப்பக் கடலிலேயே தங்கி இரையெடுப்பதைக் காட்டியது. அவற்றைக் கொல்வது பெரும்பாலும் சுற்றுலாப் படகு அல்ல. தேவேந்திர முனைக்கு வெளியே, உலகின் மிகப் பரபரப்பான கடல்வழிகளில் ஒன்றில் ஓடும் சரக்குக் கப்பல்கள். கப்பல் மோதி இறந்த திமிங்கிலங்களின் படங்களும் பதிவுகளும் சேர்ந்து, 2022இல் மெடிட்டரேனியன் ஷிப்பிங் கம்பெனி தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே 15 கடல் மைல் தள்ளி ஓட்டத் தொடங்கியது. படகுச் சுற்றுலாவைக் குறை சொல்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. நாள்தோறும் கடலில் கண்கள் இருந்ததால்தான் அங்கே திமிங்கிலம் எங்கே எத்தனை என்று பேச முடிந்தது. கப்பல் நிறுவனத்தோடு வாதாடப் படமும் நாளும் இடமும் தேவைப்பட்டன; அவற்றில் ஒரு பங்கு சுற்றுலாப் படகுகளிலிருந்து வந்தது. மூன்று நிலைப்பாடுகளிலும் வலுவானது என்று இக்கட்டுரைக்குத் தோன்றுவது இந்தப் பயன்தான், காசு வாதத்தைவிட.

கோணேசர் மலையிலிருந்து

நாலாவது நிலைப்பாட்டுக்குக் குரல் சிறியது. படகே வேண்டாம், கரையிலிருந்து பாருங்கள் என்பது அது. திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு துறைமுகத்தின் வாயிலுக்கே வந்துவிடுகிறது. ஆழ்கடல் விலங்கு கரைக்கு மிக அருகில் வரும் அரிய இடம் அது. கோணேசர் கோயில் நிற்கும் பாறைமுனையிலிருந்தே நீலத் திமிங்கிலத்தின் மூச்சைப் பார்க்கலாம் என்பது 1980களிலிருந்து பதிவாகிவரும் செய்தி. சாமி கும்பிட வந்தவர் பார்த்துவிட்டுப் போகலாம். திமிங்கிலத்துக்கு அவர் வந்துபோனது தெரியாது.

குறை வெளிப்படை. எல்லாக் கரைக்கும் அந்தப் பள்ளத்தாக்கு வாய்ப்பதில்லை. தூரத்து மூச்சைப் பார்த்துத் திருப்திப்படும் பொறுமையும் எல்லோருக்கும் இருப்பதில்லை. ஊராருக்கு வருமானமும் சொற்பம்.

படகு யாருடையது?

எவ்வளவு தூரத்தில் நிற்பது என்ற கேள்வியில் மூழ்கியவர்கள் யார் ஓட்டுவது என்பதை விட்டுவிடுகிறார்கள் என்பது ஐந்தாவது தரப்பின் வாதம். கைக்கோராவே அதன் எடுத்துக்காட்டு. ரயில்வே ஆட்குறைப்பால் வேலை இழந்து நின்ற மாவோரி மக்களில் சில குடும்பங்கள் 1987இல் வீட்டை அடமானம் வைத்துப் படகு வாங்கினார்கள். திமிங்கிலம் அவர்கள் குலக்கதைகளில் உறவு. நிறுவனம் இன்றும் அந்தச் சமூகத்தின் கையில் இருக்கிறது.

இந்தியாவில் நெருங்கிய சான்று படகுச் சுற்றுலா அல்ல, குஜராத்தின் அம்மணி உழுவை. 2001இல் அது சட்டப் பாதுகாப்புக்குள் வந்தும் வேட்டை முழுசாக நிற்கவில்லை. 2004இல் ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு அதை மகப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகளாகச் சொல்லிப் பரப்புரை செய்தார். வலையை அறுத்து விடுவித்த மீனவருக்கு வனத்துறை இழப்பீடு கொடுத்தது. கொன்றவர்களே விடுவிப்பவர்கள் ஆனார்கள். வலையின் விலையை யாரோ ஏற்றுக்கொண்டார்கள் என்பதும், சொல்லப்பட்ட கதை அவர்கள் மொழியில் இருந்தது என்பதும் சேர்ந்தே அது நடந்தது. தமிழகத்தில் ராமநாதபுரம் காரங்காட்டில் ஊரார் குழுவும் வனத்துறையும் சேர்ந்து அலையாத்திக் காட்டுப் படகுச் சுற்றுலா நடத்துகிறார்கள்.

இந்த வாதமும் குறையற்றதல்ல. 'ஊர்' என்பது ஒரே குரல் அல்ல. படகுள்ளவர், படகில் கூலிக்குப் போகிறவர், மீன் விற்கும் பெண்கள், உப்பங்கழியில் நண்டும் இறாலும் பிடிக்கும் இருளர் என்று அடுக்குகள் உண்டு. சமூகத்தின் கையில் என்று சொல்லித் தொடங்கி, நாலு படகுக்காரர் கையில் முடிந்த கதைகள் சுற்றுலாத் துறையில் புதிதல்ல.

கடலூர்க் கரைக்கு வந்தால்

இவற்றையெல்லாம் சோழமண்டலக் கரையில் வைத்துப் பார்க்கலாம். கடலடி வரைபடத்தில் பாலாறு, புதுச்சேரி, கடலூர் பள்ளத்தாக்குகள் கண்டத்திட்டின் விளிம்பைக் கீறி இறங்குகின்றன. ஆழமும் இரையும் சேரும் இத்தகைய விளிம்புகளைத் திமிங்கிலங்கள் நாடுவது உலகெங்கும் கண்ட உண்மை. ஆனால் திருகோணமலைபோல அந்த ஆழம் துறைமுக வாயிலுக்கு வருவதில்லை. பயணிகளை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் வெளியே போக வேண்டும். போகும் வழியும் லேசல்ல. வெள்ளாற்று முகத்துவாரத்தில் மணல் தூர்ந்து, மீனவரே அலை பார்த்துக் கடக்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும். 2004 சுனாமியையும் 2011 டிசம்பரில் தானே புயலையும் கண்ட கரை இது.

பயணிகள் கூடும் பருவம் கோடை விடுமுறை. அதே காலத்தில்தான், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. சும்மா நிற்கும் படகுகளைச் சுற்றுலாவுக்கு விட்டால் மீனவர் வீட்டில் அடுப்பெரியுமே என்ற யோசனை எழுவது இயல்பு; அதில் நியாயமும் உண்டு. ஆனால் தடை வைத்தது கடல் ஓய்வெடுக்கத்தான். வலை ஓய்ந்த நேரத்தில் இன்ஜின் இரைச்சலைக் கொண்டுவிடலாமா என்பதற்கு மீன்வளத் துறையும் வனத்துறையும் சேர்ந்து பதில் சொல்லியாக வேண்டும். சட்டமும் நினைவில் இருக்கட்டும். வனவிலங்குச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் விலங்கை விரட்டுவதும் அடங்கும். டால்பினைத் துரத்தும் படகு எந்த இடத்தில் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்பது வாதத்துக்குரியது; தாண்டாது என்று சொல்லிவிட முடியாது.

வலை பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. 2020இல் வந்த ஒரு மதிப்பீடு, 1950 முதல் 2018 வரை இந்தியப் பெருங்கடலின் சூரை மீன் செவுள் வலைகளில் 41 லட்சம் டால்பின் போன்ற சிறு கடல் பாலூட்டிகள் சிக்கியிருக்கலாம் என்கிறது. எந்தச் சுற்றுலாப் படகும் செய்யாத சேதம் இது. வேண்டுமென்று செய்ததும் அல்ல. ஓங்கில் மாட்டினால் வலை கிழிந்து நட்டப்படுவதும் மீனவரே. கடலூர்க் கரையில் வலை பற்றிய விதி எவ்வளவு கடினமானது என்பதற்குச் சுருக்குமடி வலைச் சண்டையே சாட்சி. அரசு 2000இல் தடை செய்தது, ஊர்கள் இரண்டுபட்டன, உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் வாரம் இரண்டு நாள், 12 கடல் மைலுக்கு அப்பால் என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. ஊர்ப் பஞ்சாயத்து ஏற்காத விதி இந்தக் கடலில் காகிதத்தில்தான் இருக்கும். திமிங்கிலப் படகு விதிக்கும் இதுவே கதி.

ஆனாலும் இந்தக் கரைக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. சான் டியாகோவிலும் கைக்கோராவிலும் மிரிசாவிலும் படகு முன்னால் வந்தது, விதி பின்னால் ஓடிவந்தது. வாஷிங்டன் தூரத்தை மூன்று முறை திருத்தியது. இங்கே படகு இன்னும் வரவில்லை. எந்த மாதம் எந்த இனம் எத்தனை பாகம் ஆழத்தில் தென்படுகிறது என்ற பதிவு முதலில், படகின் எண்ணிக்கைக்கு வரம்பு அதற்குப் பின், டிக்கெட் கடைசியில் என்ற வரிசையை இங்கே வைக்க முடியும். பிந்தி வந்த கரைக்குக் கிடைக்கும் ஆதாயம் அது ஒன்றே.

முடிவாகாதவை

சான்றுகளை நிறுத்துப் பார்த்தால், பார்ப்பது தானாகக் காப்பதில்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். பார்ப்பது தானாக அழிப்பதுமில்லை. சிறு கூட்டமாக ஓரிடத்தில் வாழும் விலங்குக்கு ஆபத்து கூடுதல் என்பதும், கப்பலும் வலையும் படகைவிடப் பெரிய கொலையாளிகள் என்பதும் வலுவாக நிற்கின்றன.

திறந்திருப்பவை பல. கலக்கம் எந்த அளவைத் தாண்டினால் இனம் குறையத் தொடங்கும் என்பதற்கு எல்லா இனத்துக்கும் பொருந்தும் அளவுகோல் கிடைக்கவில்லை. 'திமிங்கிலப் பருவம்' என்று விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் படகின் பருவம். தென்மேற்குக் காற்றில் மிரிசாவில் கடல் பொங்கும்போது படகுகள் நிற்கின்றன, திமிங்கிலம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஆளில்லை. திருகோணமலையில் மூச்சு விடும் நீலத் திமிங்கிலமும் கடலூர்ப் பள்ளத்தாக்கின் விளிம்பில் வருவதும் ஒரே கூட்டமா என்பதைத் தீர்க்க, இரு நாட்டு நீரிலும் வால் படங்களும் நீருக்கடி ஒலிப்பதிவும் ஒப்பிடப்பட வேண்டும். 'சாகர் சம்பதா' ஆய்வுக் கப்பலிலிருந்து மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் கடல் பாலூட்டிகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். கப்பல் சில நாள் வந்து போகும். கடலூர்க் கரையின் முடசலோடையிலிருந்தும் அன்னங்கோயிலிலிருந்தும் மீன்பிடிப் படகு அன்றாடம் போகிறது.

வலையை உதறி உலர்த்தும் நேரத்தில், "இன்னிக்கு ஓங்கில் ஏதும் கண்ணுல பட்டுதா?" என்று ஒருவர் கேட்க இன்னொருவர் பதில் சொல்கிறார். நாள், காற்று, பாகம், எத்தனை என்று அந்தப் பதிலை எழுதிவைக்க ஒரு நோட்டு வேண்டும். அதைப் படித்துச் சொல்லக்கூடிய அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றங்கரையில், பரங்கிப்பேட்டையில் இருக்கிறது.